மேற்கோள் எண்ணிக்கையை நம்பி ஏமாறும் இடங்கள்

ஒருவருடைய எழுத்தை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி அவரை எடைபோடுவது வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணை நம்பி எங்கெல்லாம் ஏமாறுகிறோம் என்று பார்ப்போம். பி.எட். படித்தவர் யாரைக் கேட்டாலும் பெஞ்சமின் புளூம் பெயரைச் சொல்வார். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரும் இன்னும் நால்வரும் சேர்ந்து 1956-இல் கொண்டுவந்த கற்றல் நோக்கங்களின் வகைப்பாடு (எளியதிலிருந்து கடினமானது வரை படிப்படியாக அடுக்கியது) இன்றைக்கும் நம் கல்லூரி வினாத்தாள்களில் உயிரோடு இருக்கிறது. கேள்விக்குப் பக்கத்தில் கே1, கே2 என்று படிநிலையை அச்சிட்டிருப்பார்களே, அது அந்த வழி வந்ததுதான். ஆனால் வினாத்தாளின் கீழே யாரும் புளூம் பெயரைப் போடுவதில்லை. எந்தத் தரவுத்தளமும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கல்வித் துறையில் ஒருவருடைய எழுத்து பாடத்திட்டத்துக்குள்ளும் ஆசிரியர் பயிற்சிக்குள்ளும் கரைந்துபோவது சகஜம். ஆகவே, மேற்கோள் குறைவு என்றால் தாக்கமும் குறைவு என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு.

சரி, மேற்கோள் நிறைய இருந்தால்? மேற்கோள் காட்டியவர் அந்த நூலைப் படித்திருப்பார் என்று நம்பிவிடக் கூடாது. 'உருவாக்குதல்' என்பதை உச்சியில் வைத்து, அடைப்புக்குறிக்குள் 'புளூம், 1956' என்று போட்ட ஆய்வேடுகளுக்குப் பஞ்சமே இல்லை. 1956 நூலில் உச்சியில் இருப்பது மதிப்பிடல். தொகுத்தல் அதற்கு ஒரு படி கீழே. உருவாக்குதலை மேலே கொண்டுபோனது ஆண்டர்சனும் கிராத்வோலும் 2001-இல் வெளியிட்ட திருத்திய பதிப்பு. புளூம் 1999-லேயே இறந்துவிட்டார். எல்லா பவர்பாயின்டிலும் வரும் அந்த வண்ணப் பிரமிடு படமும் மூல நூலில் கிடையாது. எழுதிய ஆய்வாளரும் நெறியாளரும் தேர்வாளரும் மூலத்தைத் திறந்து பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? இருந்தாலும் புளூம் கணக்கில் ஒரு மேற்கோள் ஏறிவிடுகிறது.

மேற்கோளை ஒப்புதலாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. புளூமின் 1984 கட்டுரையைப் பாருங்கள். தனியாக ஒருவரிடம் பாடம் கேட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை முந்திவிடுகிறார் என்றது அது. சராசரியைவிட இரண்டு திட்டவிலக்கம் (சிக்மா) மேலே என்பதால் 'இரண்டு சிக்மா' என்று அவரே பெயரும் வைத்தார். கணினி வழிக் கற்பித்தல் கருவி விற்பவர்கள் இன்றும் அதைத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்த எண்ணுக்கு ஆதாரமாக நின்றவை முக்கியமாக அவருடைய மாணவர்கள் இருவரின் முனைவர் பட்ட ஆய்வேடுகள். 2011-இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தனிப் பயிற்சியின் பலன் சுமார் 0.79 சிக்மா என்றுதான் வந்தது. வான்லேனும் புளூமை மேற்கோள் காட்டுகிறார், சந்தேகப்பட்டதற்காகக் காட்டுகிறார். எண்ணும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

எச்-இண்டெக்ஸ் கதையும் இப்படித்தான். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தது. ஒருவருடைய 5 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 5 மேற்கோள் பெற்று, 6 கட்டுரைகள் 6 மேற்கோளை எட்டவில்லை என்றால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 5. ஒருவருடைய ஏழு கட்டுரைகளுக்கு முறையே 120, 45, 12, 9, 6, 5, 3 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200. எச்-இண்டெக்ஸ் 5. இன்னொருவருக்கு ஆறு கட்டுரைகள்: 7, 7, 7, 6, 6, 6. மொத்தமே 39, ஆனால் எச்-இண்டெக்ஸ் 6! வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய நூல் எழுதியவரை இந்த அளவுகோல் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. நூல்களுக்கு மதிப்புள்ள கல்வித் துறையில் இது சின்ன விஷயமில்லை. துறை தாண்டி ஒப்பிடக் கூடாது என்பதை ஹிர்ஷே எச்சரித்திருந்தார்; தேர்வுக் குழுக்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

எந்தத் தளத்தில் எண்ணினோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதுவதும் உண்டு. மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளமான ஸ்கோபஸ் பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களின் உலகம்; தமிழில் எழுதிய கல்வி ஆய்வு அதில் அகப்படுவது அரிது. கூகுளின் ஆய்வுத் தேடுதளமான கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, நூல், கருத்தரங்கக் கட்டுரை என எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். வாரும்போது குப்பையும் வரும். ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இல்லாத ஒருவர் பெயரில் 6 போலிக் கட்டுரைகளை இணையத்தில் ஏற்றினார்கள். ஒவ்வொன்றிலும் தங்கள் குழுவின் 129 கட்டுரைகளுக்கு மேற்கோள். ஸ்காலர் ஒன்றும் கேட்காமல் 774 மேற்கோள்களைச் சேர்த்துக்கொண்டது.

நமக்கென்று ஒரு தொல்லையும் இருக்கிறது: இனிஷியல். ஒரு இதழில் 'எஸ். குமார்', இன்னொன்றில் 'குமார் எஸ்.', மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக. ஒரே ஆள் மூன்றாகப் பிரிவார்; மூன்று குமார்கள் ஒருவராகச் சேர்வார்கள். சுயவிவரப் பக்கத்தின் மொத்தத்தை நம்புவதற்கு முன், பட்டியலில் கால்நடை மருத்துவக் கட்டுரை ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரும் அடையாள எண்) ஒன்று வாங்கி, எல்லா இதழுக்கும் ஒரே வடிவில் பெயர் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஒரு இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்ற எண்; அது இதழுக்கானது, கட்டுரைக்கானது அல்ல. இதழின் சராசரியைத் தூக்கி அதில் எழுதிய ஒருவர் தலையில் வைக்க முடியாது. 'இரண்டே நாளில் பிரசுரம், இம்பாக்ட் ஃபேக்டர் 7' என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

ஒரு ஆய்வாளரை மதிப்பிட்டே ஆகவேண்டும் என்றால், அதிக மேற்கோள் பெற்ற இரண்டு மூன்று கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றை மேற்கோள் காட்டியவற்றில் ஒரு பத்தைத் திறந்து, பெயர் வரும் வாக்கியத்தைப் படியுங்கள். முறையை எடுத்துக் கையாண்டார்களா, மறுத்தார்களா, முன்னுரையில் வரிசையாகப் பத்துப் பேர் பெயரோடு பெயராக அடுக்கினார்களா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் பாடத்திட்டத்தையும் பயிற்சிக் கையேடுகளையும் ஒரு பார்வை பாருங்கள். ஒரு மதியம் போகும், அவ்வளவுதான்.