‘அந்த நாள்’ ஆன்லைனில்: சத்தம் வரவைத்த கதை

காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர்னு ஆளுக்கொரு ஊரில் இருக்கிற பழைய படப் பைத்தியங்கள் நாங்க. 1954ல் எஸ். பாலசந்தர் எடுத்த ‘அந்த நாள்’ படத்தை ஆன்லைனில் சேர்ந்து பார்க்க உட்கார்ந்தோம். பாட்டே இல்லாத படம். ரேடியோ இன்ஜினியர் ராஜனை (சிவாஜி) யார் சுட்டதுன்னு வசனத்திலேயேதான் முடிச்சு அவிழும். அதில் போய் சத்தம் வரலைன்னா?

வீடியோ காலில் எல்லாரும் சேர்ந்ததும், என் லேப்டாப்பில் ஸ்கிரீன் ஷேர் போட்டேன். சி.ஐ.டி.யா வர்ற ஜாவர் சீதாராமன் வாய் மட்டும் அசையுது. மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினா, பின்னணி இசையை இரைச்சல்னு நினைச்சு ஆப்பே வடிகட்டிடுது. “அவங்கவங்க போன்லயே ஓட்டிக்கலாம்”னார் குடியாத்தம் மாமா. அதுவும் சரிப்படலை. முன்னாடி ஓடுறவர் “அய்யய்யோ”ன்னா பின்னாடி இருக்கிறவங்களுக்கு எல்லாம் போச்சு.

வழி சின்னதுதான். முழு ஸ்கிரீனையும் ஷேர் பண்ணாம, குரோமில் படம் ஓடுற டேபை மட்டும் தேர்ந்தெடுக்கணும். அதே பெட்டியில் டேப் ஆடியோவை ஷேர் பண்ற பட்டன் இருக்கும், அதை ஆன் பண்ணணும். அப்புறம் எல்லாரும் மியூட். இல்லைன்னா யார் வீட்டுக் குக்கர் விசிலோ விசாரணைக்கு நடுவுல வரும். படம் திக்கித் திக்கி வந்ததுக்கு, வைஃபையை விட்டுட்டு ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்தேன். ஷேர் பண்றவர் பக்கத்து அப்லோட் வேகம்தான் இதில் முக்கியம்.

சந்தேகங்களை சாட்டில் மட்டும் போடச் சொன்னோம். ஆம்பூர் அக்கா பாதிப் படத்திலேயே சரியான ஆளைப் பிடிச்சிட்டாங்க. யார்னு இங்கே எழுத மாட்டேன்.