ரீகால் வந்தாச்சு, பார்ட் வரலையா? காத்திருக்கும்போது செய்ய வேண்டியவை

"உங்கள் வண்டியில் ஒரு குறை இருக்கிறது, இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று நிறுவனத்திடமிருந்து கடிதம் வரும். இதைத்தான் ரீகால் என்கிறார்கள். சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால், "பார்ட் இன்னும் வரலைங்க, வந்ததும் கூப்பிடுறோம்" என்பார்கள். பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். பார்ட் எப்போது வரும் என்பது இரண்டாவது கேள்வி. அதுவரை இந்த வண்டியை ஓட்டலாமா என்பதுதான் முதல் கேள்வி.

படி 1: உங்கள் வண்டிதானா என்று பாருங்கள்

ஒரே மாடலில் எல்லா வண்டியும் ரீகாலில் வராது. உங்கள் வண்டிக்கே உரிய அடையாள எண்ணான, எழுத்தும் எண்ணும் கலந்த 17 இலக்க வின் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவுச் சான்றிதழிலும், பெரும்பாலான கார்களில் முன்கண்ணாடியின் கீழ்மூலையிலோ டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ அந்த எண் இருக்கும். ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் அதில் வரவே வராது. ஓ மாதிரி தெரிந்தால் அது பூஜ்யம்.

படி 2: ஓட்டலாமா, கூடாதா?

இந்தப் படியை மட்டும் அவசரமாகத் தாண்டாதீர்கள். கடிதத்தில் "ஓட்டவே வேண்டாம்" என்று இருக்கிறதா, "வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள்" என்று இருக்கிறதா, அல்லது கவனமாக ஓட்டச் சொல்லியிருக்கிறார்களா? "ஓட்ட வேண்டாம்" என்றால் சர்வீஸ் சென்டருக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள். வண்டியை ஏற்றிப்போக ஏற்பாடு கேளுங்கள்.

தற்காலிக யோசனைகள் சில சமயம் அற்பமாகத் தெரியும். 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச் ரீகாலின்போது, சாவிக் கொத்திலிருந்து மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் சாவியோடு ஓட்டச் சொன்னார்கள். கொத்தின் கனத்திலேயே சுவிட்ச் திரும்பி, ஓடும் வண்டியில் இன்ஜின் நின்றுபோகும், ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போகும் என்பதுதான் காரணம். 2021-இல் செவ்ரோலே போல்ட் மின்கார்களின் பேட்டரி தீப்பிடிக்கும் அபாயம் வந்தபோது, 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம், சார்ஜ் ஆனதும் வெளியே நிறுத்துங்கள் என்றார்கள். இப்படி எது சொல்லியிருந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

படி 3: வரிசையில் எங்கே இருக்கிறோம் என்று கேளுங்கள்

ஜப்பானின் தகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளின் ரீகாலில் உலகம் முழுக்க சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்களை, அதாவது ஏர்பேக்கை ஊதி விரிய வைக்கும் பாகங்களை, மாற்ற வேண்டி வந்தது. உள்ளே இருந்த அமோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருள், வெப்பமும் ஈரப்பதமும் பட்டுப் பல ஆண்டுகளில் கெட்டுப்போய், ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. அத்தனை பார்ட்டையும் ஒரே நேரத்தில் தயாரிக்க எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. அதனால் அமெரிக்காவில் பழைய வண்டிகளுக்கும் வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். ஆகவே "எப்போ வரும்?" என்று மட்டும் கேட்காமல், "என் வண்டி எந்த முன்னுரிமைப் பிரிவில் இருக்கு?" என்று கேளுங்கள்.

படி 4: எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்

போனில் பேசியது காற்றோடு போய்விடும். பேசி முடித்த கையோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்:

"என் வண்டியின் வின் எண் இது, ரீகால் எண் இது. பார்ட் இல்லை என்று இன்று சொன்னீர்கள். என் பெயரில் ஆர்டர் போட்டிருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் தெரிவியுங்கள். அதுவரை ஓட்டலாமா என்பதையும், மாற்று வண்டி கிடைக்குமா என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள்."

மாற்று வண்டி எல்லோருக்கும் கிடைக்காது. ஆனாலும் கேளுங்கள், கேட்காதவருக்குத் தானாக வந்து தருவது அபூர்வம். அதே நிறுவனத்தின் வேறு சர்வீஸ் சென்டர்களிலும் விசாரியுங்கள். ஒரு இடத்தில் இல்லாத பார்ட் இன்னொரு இடத்தில் இருக்கலாம்.

படி 5: மேலே கொண்டுபோங்கள்

பதில் வராவிட்டால் அந்த மின்னஞ்சல்களோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். அங்கேயும் நகரவில்லையென்றால் உங்கள் நாட்டின் வாகனப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள். பொறுமை போய், பழைய வண்டியில் கழற்றிய ஏர்பேக்கை வெளியில் வாங்கி மாட்டிவிடாதீர்கள். அதுவும் ரீகாலில் வந்ததாகவே இருக்கலாம்.

படி 6: வேலை முடிந்ததும்

மாட்டியது நிரந்தரத் தீர்வா, தற்காலிகமா என்று கேளுங்கள். தகாட்டா விஷயத்தில் முதலில் மாற்றிய சில இன்ஃப்ளேட்டர்களையே பிறகு மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. ரீகால் எண் குறித்த வேலைச் சீட்டை வாங்கி வையுங்கள். சில நாள் கழித்து வின் எண்ணை மறுபடி போட்டுப் பாருங்கள். இன்னும் நிலுவை என்று காட்டினால், அந்தச் சீட்டோடு போய்ப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள்.