குர்குமின் நரம்புச் செல்லின் தற்காப்பைத் தூண்டுகிறதா என்று சோதிக்கும் முறை

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்வதால், அங்கே உண்டாகும், செல்லைச் சேதப்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் செல்கள் ஓயாமல் அகற்ற வேண்டியிருக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின், செல்லுக்குள் கீப்1 என்ற புரதத்தின் பிடியிலிருந்து என்ஆர்எஃப்2 புரதத்தை விடுவித்து, உட்கருவுக்குச் செல்லவிட்டு, ஹீம் ஆக்சிஜனேஸ்-1 போன்ற காப்பு நொதிகளைச் செல்லையே உற்பத்தி செய்ய வைக்கிறது. நாம் அளக்க வேண்டியது இந்தத் தூண்டலைத்தான். குர்குமின் தானே வெளியில் நின்று நிகழ்த்தும் வேதிவினையை அல்ல.

நரம்புச் செல்லுக்கு மாதிரியாகப் பயன்படும் எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் என்ற மனிதச் செல்களை 96 குழித் தட்டில் ஒரு நாள் வளரவிட்டு, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் அன்றன்று கரைத்த குர்குமினை 1 முதல் 10 மைக்ரோமோலார் வரை கொடுங்கள். டிஎம்எஸ்ஓ 0.1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. சீரம் (இரத்தத்தின் தெளிந்த திரவப் பகுதி) இல்லாத வளர்ப்பு ஊடகத்தில் குர்குமின் 37 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும் என்பதால் சீரத்தைத் தவிர்க்காதீர்கள்.

24 மணி நேரம் கழித்து ஊடகத்தை வடித்து, வெதுவெதுப்பான பாஸ்பேட் உப்புக் கரைசலால் இருமுறை கழுவிய பிறகே பெராக்சைடு சேர்க்க வேண்டும். இச்செல்கள் இறுக ஒட்டுபவை அல்ல. பைப்பெட் முனையைக் குழியின் சுவரில் சாய்த்து, கரைசலை மெல்ல வழியவிடுங்கள். மஞ்சள் நிறம் துளி எஞ்சினாலும் அந்த முடிவை நான் நம்பமாட்டேன். ஏனெனில் நீல ஒளியில் குர்குமினே பச்சையாக ஒளிரும்; ஆக்சிஜனேற்றத்தை அளக்க நாம் இடும் டிசிஎஃப் சாயமும் அதே பச்சைதான். செல் உயிர்ப்பைக் காட்டும் எம்டிடி சோதனையிலும் பல தாவரப் பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் ஊதா நிறத்தை உண்டாக்கிவிடுகின்றன. சாயமிடாத குழிகளும், செல் இல்லாத குழிகளும் ஒவ்வொரு தட்டிலும் இருந்தே தீர வேண்டும்.

பெராக்சைடிலிருந்து காப்பு தெரிந்தால், ஹீம் ஆக்சிஜனேஸ்-1 கூடியிருக்கிறதா என்று புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பார்த்து, செல்லின் ஆக்சிஜனேற்றத் தடுப்பானான குளூட்டாதயோனையும் அளந்துகொள்ளுங்கள். அதன்பின், குறிப்பிட்ட மரபணுவின் செயலை அடக்கும் குறுக்கீட்டு ஆர்என்ஏவால் என்ஆர்எஃப்2-வை ஒடுக்கி, முழுச் சோதனையையும் மீண்டும் செய்யுங்கள். காப்பு மறைந்தால் அது செல்லின் சொந்தத் தற்காப்பு என்பதற்கு வலுவான சான்று கிடைக்கும். இச்செல்கள் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்தவை. மேலும் மூளையில் என்ஆர்எஃப்2 நியூரான்களைவிட, அவற்றுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற செல்களில்தான் வலுவாக இயங்குகிறது. எனவே அடுத்த தட்டில் ஆஸ்ட்ரோசைட்டுகளை வளருங்கள்.