தக்காளி இலையில் கோடு போட்டது எந்த ஈ?

தக்காளி இலைகளில் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடத் தொடங்கியதும், பக்கத்துத் தோட்டக்காரர் ஊசித்துளைப்பான் என்றார்; அது இலைக்குள் புகுந்து தின்னும் ஓர் அந்துப்பூச்சியின் புழு. மருந்து வாங்கும் முன் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஊசித்துளைப்பான் புழுவுக்குக் காலும் தலையும் தெளிவாகத் தெரியும். உள்ளே நெளிந்ததோ காலில்லாத மஞ்சள் புழு. கோட்டின் இரு ஓரங்களிலும் மாறி மாறிக் கறுப்பு எச்சம். ஆக, ஈதான்.

எந்த ஈ என்பதைப் புழுவை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். அந்த இலைகளை ஈரத்தாள் விரித்த டப்பாவில் போட்டு, மெல்லிய துணியால் மூடினேன். புழுக்கள் இலையைக் கிழித்து வெளியேறிக் கூட்டுப்புழுவாயின. ஈ வெளிவந்த உடனே கொல்லக் கூடாது; நிறம் முற்ற ஒரு நாள் விட வேண்டும். அவசரப்பட்டால் அடையாளமே மாறிப்போகும்.

உருப்பெருக்கியில் பார்த்தேன். ஏறத்தாழ 2 மி.மீ. உடல், மஞ்சள் தலை, மார்பின் மேற்புறம் பளபளப்பற்ற சாம்பல் கறுப்பு. தலையுச்சியில் கண்ணை ஒட்டிய இரண்டு முட்களின் அடியும் மஞ்சள். லிரியோமைசா டிரைஃபோலி என்ற ஈதான்! நெருங்கிய உறவான லிரியோமைசா சட்டைவேக்கு மார்பு பளபளக்கும். அந்த இரண்டு முட்களில் வெளிப்புற முள்ளின் அடி கறுத்திருக்கும். ஐயமறத் தீர்க்க ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

அதே டப்பாவில் மினுமினுக்கும் குட்டிக் குளவிகளும் வெளிவந்தன. இந்தப் புழுக்களைத் தின்று வளர்பவை அவை. பூச்சிக்கொல்லி முதலில் அவற்றைத்தான் கொன்றிருக்கும். அதனால் தெளிக்கவில்லை. கோடு மிகுந்த அடியிலைகளை மட்டும் பறித்தேன். புதிய இலைகளில் கோடுகள் குறைந்தன.