உகாண்டா போகிறீர்களா? உள்ளாடைக்கும் இஸ்திரி போடுங்கள்

உகாண்டா, மலாவி, கானா பக்கம் தன்னார்வப் பணிக்குப் போகிறவர்கள் மாம்பழ ஈயைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. ஈரத் துணியிலும் நிழலான மணலிலும் இது முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து கொப்புளமாக வீங்கும்.

அதனால் துணியைப் புல்லிலோ புதர் மேலோ போடாமல், நல்ல வெயிலில் கொடியில் காயப்போடுங்கள். அப்புறம் சூடாக இஸ்திரி. ஜட்டி, துண்டு, படுக்கை விரிப்பு எதையும் விடக்கூடாது. இடுப்புப் பட்டை, தையல் மடிப்புகளில் இரண்டு தடவை அழுத்துங்கள். கரண்ட் இல்லாத ஊரில் கரிப்பெட்டிதான், நம் ஊர் இஸ்திரி வண்டியில் இருக்குமே, அதே ரகம். அதுவும் இல்லையா? காய்ந்த துணியை வீட்டுக்குள் இரண்டு வாரம் வைத்திருந்து உடுத்துங்கள். பொரிந்த புழு அதற்குள் செத்துவிடும்.

நடுவில் சின்னத் துளையோடு கொப்புளம் வந்தால் கீறவோ பிடித்து இழுக்கவோ வேண்டாம். வாசலினைக் கெட்டியாகப் பூசினால் காற்றுக்காகப் புழு மேலே வரும். மெல்லப் பிதுக்கி எடுக்கலாம். பயமாக இருந்தாலோ சீழ் வைத்தாலோ உள்ளூர் கிளினிக்குக்குப் போங்கள். அவர்களுக்கு இது சர்வ சாதாரணம்.