போத்தல் திரும்பி வரும் வழி: சிறுதொழிலுக்குச் சுழற்சிப் பொருளாதாரம், படிப்படியாக

எள்ளு வாங்கி, செக்கில் ஆட்டி, போத்தலில் அடைத்துக் கடைகளுக்குப் போடும் ஒரு சின்ன நல்லெண்ணெய்த் தொழிலை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் இப்படி நடத்துபவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். நீங்கள் செய்வது நெல்லிரசமோ, ஊறுகாயோ, பினாட்டோ, எதுவாக இருந்தாலும் படிகள் பெரிதாக மாறாது.

விளக்கம் கொஞ்சம் மட்டும். எடுத்து, செய்து, பாவித்து, எறிவது என்று ஒரே திசையில் ஓடுவதுதான் வழமையான வழங்கல் சங்கிலி. அதற்கு எதிரே சுழற்சிப் பொருளாதாரம் என்பதை மூன்று கொள்கைகளாக வைத்துப் பரப்பியது எலன் மக்ஆதர் என்பவர் 2010இல் தொடக்கிய அறக்கட்டளை: கழிவு உண்டாகாதபடி முன்கூட்டியே திட்டமிடு, பொருளைப் பாவனையிலேயே வைத்திரு, இயற்கையை மீள வளப்படுத்து. அந்த அம்மையார் 2005இல் பாய்மரப் படகில் தனியாக 71 நாட்களில் உலகைச் சுற்றியவர். ஏற்றிக்கொண்டு போனது முடிந்தால் வேறு கிடையாது என்ற வாழ்க்கை அங்கே படித்த பாடம். எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் துளி மண்ணெண்ணெயும் விட்டு, அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தவர்கள் இன்றைக்கும் எங்களோடு இருக்கிறார்கள். ஆனால் அது வேறு வழியில்லாமல் செய்தது. இப்போது புதுப் போத்தல் காசு கொடுத்தால் கிடைக்கிறது. ஆகவே கட்டுப்படியாகுமா என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

என் கணிப்பில் கட்டுப்படியாகும். ஒரு நிபந்தனை: வெறும் போத்தல் திரும்பி வரும் பாதையை முதலில் போட வேண்டும். பலர் கழுவும் தொட்டியையும் பச்சை இலை போட்ட லேபிளையும் முதலில் வாங்கிவிட்டு, பிறகு போத்தலைத் தேடுகிறார்கள்.

படி 1: நிறுத்துப் பாருங்கள்

ஒரு தராசு, ஒரு கொப்பி. ஒரு வாரத்துக்கு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நிறுத்து எழுதுங்கள். எள்ளு, சாக்கு, போத்தல், மூடி, லேபிள், மட்டைப்பெட்டி, தண்ணீர், டீசல், எல்லாம். எள்ளில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்; செக்கு அதையும் முழுதாகப் பிழிந்து தராது. அதனால் 100 கிலோ ஆட்டினால் பாதிக்கு மேல் புண்ணாக்காக நிற்கும். எடைக்கணக்கில் பார்த்தால் நீங்கள் ஒரு புண்ணாக்கு வியாபாரி என்பது இந்தக் கொப்பியைப் பார்த்த பிறகுதான் பலருக்கு உறைக்கும்.

படி 2: மிச்சத்துக்கு ஆள் பிடியுங்கள்

ஒரு பொருளை அதன் அடுத்த பெறுமதியான வேலைக்குக் கொடுப்பதுதான் இங்கே விதி. உருக்கி, அரைத்து மீள்சுழற்சி செய்வது கடைசி வழி. பின்னிய தென்னோலையால் கட்டும் எங்கள் கிடுகு வேலி இதற்கு நல்ல உதாரணம். புதிதாக வேலியில் கட்டிய கிடுகு, உக்கத் தொடங்கியதும் கழற்றித் தோட்டத்தில் தாழ்க்கப்பட்டது. முதலில் மறைப்பு, பிறகு பசளை. நேரே பசளைக்குப் போட்டிருந்தால் முதல் பயன் வீண்.

புண்ணாக்குக்கு மாடு வளர்ப்பவர்களே முதல் ஆள். ஆனால் ஈரத்தோடு சாக்கில் கட்டி மூலையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தோடு அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சும் சேரலாம்; மாடு தின்றால் அது பாலிலும் வரும். காயவைத்து, நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்கி, வாராவாரம் எடுக்கும் ஒருவருக்குக் கொடுங்கள். விலை சற்றுக் குறைந்தாலும், குறித்த நாளில் தவறாமல் வருபவர்தான் நல்ல வாடிக்கையாளர்.

படி 3: திருப்பியெடுக்க ஒரேயொரு பொருள்

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருப்பியெடுக்கப் போகாதீர்கள். கண்ணாடிப் போத்தலில் தொடங்குங்கள். அதுவும் ஒரே அளவு, ஒரே வடிவம், கை விட்டுக் கழுவ முடியாவிட்டாலும் தூரிகை போகக்கூடிய கழுத்து. பிளாஸ்டிக் ஸ்டிக்கர் வேண்டாம்; மாப்பசையில் ஒட்டிய கடதாசி லேபிள் தண்ணீரில் ஊறினால் தானாகக் கழன்றுவிடும். இந்த இரண்டு முடிவுகளும் பிறகு கழுவும் வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

இப்போது கணக்கு. போத்தல்களில் எத்தனை சதவீதம் திரும்புகிறதோ, அதை வைத்து ஒரு போத்தல் சராசரியாக எத்தனை முறை நிரப்பப்படும் என்று சொல்லலாம். பாதி திரும்பினால் 2 முறை. 80 சதவீதம் திரும்பினால் 5 முறை. 90 சதவீதம் என்றால் 10 முறை. கணக்கு எளிது: 100ஐத் திரும்பாத சதவீதத்தால் வகுத்தால் சரி. ஒரு பேச்சுக்குப் புதுப் போத்தல் 90 ரூபா என்றும், திருப்பிக் கொண்டுவந்து கழுவ 30 ரூபா என்றும் வைப்போம். 80 சதவீதம் திரும்பினால் ஒரு நிரப்பலுக்குப் போத்தல் செலவு 18, கழுவலோடு 48ஐத் தாண்டாது. பாதிதான் திரும்பினால் 45உம் 30உம் சேர்ந்து 75 வரை போகும். இடவாடகை, உடைவு எல்லாம் பார்த்தால் அந்த இலாபம் கரைந்துவிடும். உங்கள் உண்மையான விலைகளைப் போட்டுப் பாருங்கள்.

படி 4: திரும்பும் பாதை

2011இல் மரக்கறிகளைப் பிளாஸ்டிக் கூடைகளில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியபோது வியாபாரிகள் கொதித்தெழுந்தது நினைவிருக்கலாம். கூடையின் விலை ஒரு பிரச்சினை. வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுவரும் இடமும் செலவும் இன்னொன்று. சாக்கைச் சுருட்டி ஆசனத்துக்குக் கீழே வைக்கலாம், கூடையை முடியாது. நல்ல நோக்கத்தோடு வந்த திட்டம் இப்படித் திரும்புகிற வழியில்தான் சிக்கிக்கொள்ளும்.

போத்தலும் மடங்காத பொருள்தான். ஆனால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: கடைக்குச் சரக்கு இறக்கிய பட்டா என்ற சின்ன லொறி எப்படியும் வெறுமையாகத்தான் திரும்புகிறது. தட்டுத்தட்டாகப் பிரித்த சோடாப் பெட்டிகளில் நிறைபோத்தலை அனுப்பி, அதே பெட்டியில் வெறும் போத்தலை ஏற்றுங்கள். இறக்கிய பெட்டி எண்ணிக்கைதான் ஏற்றும் பெட்டி எண்ணிக்கை. சாரதிக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று கையோடு கொடுத்துவிடுங்கள். அவருக்கு இதில் ஒன்றும் இல்லையென்றால் உங்கள் திட்டம் முதல் மழையோடு நின்றுவிடும்.

தொடக்கத்தில் ஒரேயொரு பாதை போதும். உதாரணமாக, காங்கேசன்துறை வீதியில் சுன்னாகத்திலிருந்து மருதனார்மடம், இணுவில், கொக்குவில் வழியாக யாழ்ப்பாண நகரம். காங்கேசன்துறை வீதியையும் பலாலி வீதியையும் ஒரே நாளில் பிடிக்க நினைக்காதீர்கள்.

படி 5: கடைக்காரரும் வைப்புப் பணமும்

ஜேர்மனியில் இருக்கும் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே 2003 முதல் ஒருமுறை பாவிக்கும் பான வகைப் போத்தல்களுக்கு, வெறும் போத்தலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் வைப்புப் பணம் உண்டு. இப்போது 25 யூரோ சதம். இங்கேயும் வெறும் போத்தல் கொண்டுபோகாவிட்டால் சோடாவுக்கு மேலதிகக் காசு கேட்ட காலம் எங்களுக்குத் தெரியும். ஆகவே வாடிக்கையாளருக்கு இது புதினமில்லை. தயங்குவது கடைக்காரர்தான்.

"தம்பி, வெறும் போத்தல் அடுக்க எனக்கு எங்கை இடம்? எண்ணெய்ப் பிசுக்குக்கு எறும்பு வேறை வந்திடும்."

"மூடியோடை மட்டும் வாங்குங்கோ அண்ணை. பெட்டி நான் தாறன். ஒவ்வொரு புதன்கிழமையும் எடுத்திடுவன்."

"புதன் வராட்டில்?"

"புதன் வராட்டில் சரக்கும் வராது அண்ணை. இரண்டும் ஒரே வாகனம்தானே."

கடைக்காரர் கேட்பது நியாயம். அவருக்கு மூன்றைக் கொடுங்கள்: வைக்கப் பெட்டி, எடுக்க நிச்சயமான நாள், போத்தலுக்கு இவ்வளவு என்று அவருக்கு ஒரு சிறு தொகை. வைப்புப் பணத்தை விலையில் ஒளிக்காமல் பில்லில் தனி வரியாகப் போடுங்கள். தொகை புதுப் போத்தல் விலையைவிடக் குறைவாக, ஆனால் வீட்டுக்காரர் குப்பையில் போட மனம் வராத அளவுக்கு இருக்க வேண்டும். அதிகமாக வைத்தால் வேறெங்கோ வாங்கிய பழைய போத்தலெல்லாம் உங்களிடம் வந்து சேரும். அந்தக் காசு உங்களுடையதல்ல, தனியாக வைத்திருங்கள்.

படி 6: கழுவுதல்

இதில் அவசரம் கூடாது. வந்த போத்தலின் மூடியைக் கழற்றி முதலில் மூக்கால் சோதியுங்கள். எங்கள் வீடுகளில் வெறும் போத்தலுக்கு எத்தனையோ வேலை உண்டு. மண்ணெண்ணெய், பூச்சிகொல்லி என்று எதுவும் அதற்குள் இருந்திருக்கலாம். சந்தேகமான மணம் வந்தால் உணவுக்கு மறுபடி வேண்டாம். வாய் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், விரலால் தடவிப் பார்க்காதீர்கள். சிறு உடைவு இருந்தாலும் ஒதுக்குங்கள்.

மிச்சப் போத்தல்களை ஓரிரவு தலைகீழாக வடிய விடுங்கள். வடிந்த எண்ணெய் விளக்குக்கு ஆகும், சமையலுக்கு ஆகாது. பிறகு சலவைச் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். கொதிநீரை ஊற்றினால் குளிர்ந்த கண்ணாடி வெடிக்கும். சோடா இரண்டு வேலை செய்கிறது: எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது, சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வரும் எங்கள் கிணற்று நீரின் வன்மையையும் குறைக்கிறது. வெறும் சவர்க்காரம் போட்டால் நுரை வராமல் திரைந்து, கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். தூரிகை போட்டு, இரண்டு முறை அலசி, கடைசியாகச் சிறிது வினாகிரி கலந்த நீரால் அலசினால் அந்த வெள்ளை போய்விடும். கடைசி அலசலுக்கு மழைநீர் சேர்த்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

உள்ளே ஒரு துளி ஈரமும் இருக்கக் கூடாது, எண்ணெய் கலங்கும். பழைய எண்ணெய்ப் படலம் மிஞ்சினால் புது எண்ணெயும் காறிவிடும். மூடி எப்போதும் புதிது.

கழுவிய நீர் எங்கே போகிறது? குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது, குடிப்பது நிலத்தடி நீர். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளால் மேலே ஊற்றியது கீழே இறங்கிவிடும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு அறையுள்ள எண்ணெய் பிரிக்கும் தொட்டி ஒன்றைக் கிணற்றிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். கட்டும் முன்பே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு கதையுங்கள்.

படி 7: வாங்கும் பக்கம்

எள்ளு வரும் சாக்குகளை உதறிக் காயவைத்து, வன்னிக்கு அடுத்த கொள்வனவுக்குப் போகும் வாகனத்திலேயே திருப்பி அனுப்புங்கள். ஒரு கண்டிப்பு: உரப்பை எவ்வளவு நன்றாகக் கழுவியிருந்தாலும் உணவுப்பொருளுக்கு வேண்டாம்.

படி 8: கொழும்பு ஓடர் வந்தால்

அங்கிருந்து 400 கிலோமீற்றர் வெறும் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவருவது டீசலுக்கும் சேதம், பணத்துக்கும் சேதம். கொழும்புக்கு உணவுத்தரமான பெரிய தகரப்பேணிகளில் அனுப்பி, கடையிலேயே வாடிக்கையாளர் கொண்டுவரும் போத்தலில் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரைப் பாருங்கள். அப்படி ஆள் கிடைக்கும்வரை குடாநாட்டுச் சுற்று மட்டும் நடக்கட்டும்.

மாத முடிவில் கொப்பியில் மூன்று எண்கள் போதும்: போன போத்தல், வந்த போத்தல், உடைந்தவையும் ஒதுக்கியவையும். 2024இல் ஐஎஸ்ஓ 59004 என்று சுழற்சிப் பொருளாதாரத்துக்கு ஒரு சர்வதேசத் தரநிலையே வந்திருக்கிறது. ஏற்றுமதி என்று இறங்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம். திரும்பும் வீதம் மூன்று மாதம் தொடர்ந்து 80க்கு மேல் நின்றால் இரண்டாவது பாதையைத் திறவுங்கள். நிற்காவிட்டால் போத்தலைக் குறை சொல்ல முன்னர் புதன்கிழமைகளைச் சரிபாருங்கள்.