அவுட்போர்டில் தண்ணீர் இறங்குகிறதா? ஹெட்டைக் கழற்றுமுன் படியுங்கள்

போன வாரம் ஷெட்டுக்கு வந்த பையன், வள்ளத்தின் பின்புறம் மாட்டும் ஒரு பழைய 9.9 எச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட் மோட்டாரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். ஈரத்தைப் பார்த்ததுமே, சிலிண்டரை மூடும் ஹெட்டின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான். "நில்லு மக்ளே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போல்ட் முறிந்துவிட்டது. உப்பில் இறுகிய போல்ட்டைச் சூடு காட்டாமல் திருகினால் வேறென்ன நடக்கும்? அதைத் துளை போட்டு எடுக்க எனக்கு அரை நாள் போனது. திட்ட வாய் வரவில்லை, தொழில் தொடங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் முறித்தேன்.

எண்ணெய் கேனின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, அடிக்கடி நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஈரம் என்றாலே தண்ணீர் என்று முடிவு கட்டுவது

எங்கள் குமரிக் கடற்கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்கள் நிறைய. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்பு மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். அதை மறந்து அப்படியே நிறுத்தினால் மறுநாள் பிளக் நனைந்துதான் இருக்கும். அந்த ஈரத்தை நகத்தில் தொட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய் வழவழவென்று பரவும், வாடையும் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். ஒரு பிளக்கில் கரி படிந்திருக்க, பக்கத்துப் பிளக் மட்டும் தேய்த்துக் கழுவியதுபோல் வெளுத்திருந்தால், மோட்டார் ஓடும்போதே அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

பையன் தொட்டது மண்ணெண்ணெய். ஒரு நல்ல போல்ட் சும்மா போயிற்று.

கம்ப்ரஷன் சரியாக இருக்கிறது, அதனால் தண்ணீர் வர வழியில்லை என்று நம்புவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். ஒரு வள்ளக்காரர் வந்தார். காலையில் மோட்டார் நன்றாக எடுக்கிறது, ஓடுகிறது. வலை போட நிறுத்தி அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் ஒரு சிலிண்டர் செத்துக் கிடக்கிறது. கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை கக்கிவிட்டு, அப்புறம் சரியாகிவிடுகிறது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், எவ்வளவு என்று கேஜ் வைத்துப் பார்த்தேன். இரண்டு சிலிண்டரிலும் முள் ஒரே இடத்தில் நின்றது. இருந்தாலும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றினேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். ஹெட்டைக் கண்ணாடி மேல் எமரி தாள் விரித்துத் தேய்த்து, மறுபடி புது கேஸ்கெட் போட்டேன். மூன்றாவது முறை வந்தபோது கயிறே அசையவில்லை. உள்ளே தேங்கிய உப்புத் தண்ணீர் கிராங்க் பேரிங்குகளைத் துருவாக்கியிருந்தது. அவருக்கு அந்த சீசனில் பாதி போனது, எனக்குக் கூலி போனது.

தண்ணீர் வந்த இடம் ஹெட்டே இல்லை. சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டில், எக்ஸாஸ்ட் மூடிக்கு உள்ளே ஒரு மெல்லிய அலுமினியத் தகடு உண்டு. அதன் ஒரு பக்கம் சூடான புகை, மறுபக்கம் குளிர்விக்கும் கடல் தண்ணீர். பல வருஷம் உப்பு அரித்தால் அதில் ஊசித் துளை விழும். மோட்டாரை நிறுத்தியதும், அங்கே மிச்சமிருக்கும் தண்ணீர் துளை வழியே, சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குக் கசியும். பிஸ்டன் அந்த போர்ட்டைத் திறந்தபடி நின்றிருந்தால் நேரே சிலிண்டருக்குள்தான் இறங்கும். கம்ப்ரஷன் ஏறுவதோ பிஸ்டன் போர்ட்டை மூடிய பிறகு. அந்த ஓட்டை கேஜுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே, நிறுத்திய பிறகுதான் தொல்லை என்றால் முதலில் அந்தத் தகட்டைக் கழற்றுங்கள். வெள்ளையாகப் படிந்த உப்பைச் சுரண்டிவிட்டு, இருட்டில் பின்னால் டார்ச் அடியுங்கள். துளை இருந்தால் நட்சத்திரம்போல் வெளிச்சம் தெரியும். பசை வைத்து அடைக்க வேண்டாம், அந்தச் சூட்டில் நிற்காது. தகட்டையும் இரண்டு பக்கக் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். பிளாக்கில் அது உட்காரும் விளிம்பும் அரித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கியர் ஆயில் பால் நிறமானால் ஆயிலை மட்டும் மாற்றுவது

தண்ணீர் கலப்பதால்தான் அந்த நிறம், வழியை அடைக்காவிட்டால் புது ஆயிலும் பாலாகத்தான் போகும். முதலில் ஆயில் திருகுகளின் வாஷரைப் பாருங்கள், மலிவான காரணம் அதுதான். அடுத்து புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். பின்னால் நைலான் நூல் சுற்றிக்கொண்டு, ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் அறுந்திருக்கும். நான் ஒருமுறை ஒரு முழத்துக்கு மேல் உருவி எடுத்திருக்கிறேன். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டை நகத்தால் வருடுங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் புது சீலும் ஒழுகும். ஆயிலை மேலிருந்து ஊற்றாதீர்கள், காற்று அடைத்துக்கொள்ளும். கீழ்த்துளை வழியே ஏற்றி, மேல்துளையில் வழியும்வரை விடுங்கள்.

பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடுவது

வேண்டாம்.

கடலில் முங்கிய மோட்டாரை வெயிலில் காய வைப்பது

காற்றுப் பட்டதும் துரு தொடங்கிவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, உள்ளே இருப்பதை வடித்து, ஆயில் விட்டு, அன்றைக்கே ஓட விடுங்கள். உள்ளே மணல் போயிருந்தால் கயிற்றைத் தொடவே தொடாதீர்கள், பிரித்துத்தான் ஆக வேண்டும்.